நெய்தலின் அடிமண்



கடலைப் பாடாத தமிழ்க் கவிஞர் அரியர். அலை, நிலவு, முத்து, மணல்வெளி, கலங்கரை விளக்கம் எனக் கடலின் மேற்பரப்பில் தோன்றுவன எல்லாம் கவிதையில் இடம்பெற்றுவிட்டன. கடலின் அடியில் கிடக்கும் சேறு மட்டும் பாடப்படாமல் இருக்கிறது. அது அழகற்றது, கண்ணுக்குப் புலப்படாதது, மணமும் நன்றன்று. ஆயினும், இன்றைய நெய்தல் நிலத்தின் நலமும் கேடும் அந்தச் சேற்றில்தான் எழுதப்பட்டு வருகின்றன. பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் கடற்சேற்றைப் பற்றியும், அதில் படியும் நச்சு உலோகங்களைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். நெய்தலுக்கு உரிப்பொருளாக இரங்கலை வகுத்த மரபு தமிழ் மரபு. எதன்பொருட்டு இரங்குவது என்பதைக் காலந்தோறும் ஆராய்ந்து அறிவது அம்மரபில் வந்தோர் கடமை.

சங்கச் சான்றோர் கடலின் மேற்பரப்போடு நின்றுவிடவில்லை. அவர்களுடைய நெய்தற் பாடல்களில் திறந்த கடலைக் காட்டிலும் கழியே மிகுதியாகப் பேசப்படுகிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் உவர்நிலம், உப்புப் பாத்தி, சேற்றில் ஓடும் நண்டு, மீனுக்காகக் காத்திருக்கும் நாரை, கழிக்கரைத் தாழை ஆகியனவே அவர்கள் கண்ட நெய்தல். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறில், சிறுவெண்காக்கைப் பத்து, வெள்ளாங்குருகுப் பத்து எனக் கழியில் இரைதேடும் பறவைகளின் பெயர் தாங்கிய பகுதிகளும் உள்ளன. சேறு, சேற்றில் வாழும் சிற்றுயிர், அதை உண்ணும் மீன், மீனை உண்ணும் குருகு, அக்குருகைக் கண்டு நெஞ்சு நோகும் தலைவி என்ற தொடர்பு அப்பாடல்களின் பின்புலத்தில் இருக்கிறது. இன்றைய சூழலியல் நூல்கள் உணவுச் சங்கிலி என்று குறிப்பதும் இதனையே. அந்தச் சங்கிலி வழியாகத்தான் உலோக நஞ்சு சேற்றிலிருந்து மனிதனை வந்தடைகிறது.

கடலில் இருந்து விலகிக் கரிசலும் செம்மண்ணும் கலந்த நிலத்தில் அமைந்திருப்பது சங்கரன்கோவில். இவ்வூரார்க்கும் கடற்சேற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். கரிவலம்வந்தநல்லூர் வழியே செல்லும் நிட்சேப நதி வைப்பாற்றோடு சேரும் கிளைகளுள் ஒன்று. வைப்பாறு கிழக்கு நோக்கி ஓடித் தூத்துக்குடிக்கு வடக்கே, சிப்பிகுளம், கீழவைப்பாறு ஆகிய ஊர்களின் அருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறுதான். ஆனால், மழைக்காலத்து வெள்ளம் ஓராண்டில் கரையில் சேர்ந்ததை எல்லாம் ஒருசேர வாரிக்கொண்டு போகிறது. வயலில் இட்ட மருந்து, சாயம் கலந்த நீர், ஓடையில் எறிந்த மின்கலம் ஆகியவற்றின் எச்சம் அவ்வெள்ளத்தில் இடம்பெறாது என்று யாரும் உறுதி கூற இயலாது. உள்நாட்டு ஊருக்கும் ஒரு கடல் உண்டு. அது கண்ணில் படாததனாலேயே எளிதில் மறக்கப்படுகிறது.

இவ்வூரில் கோமதியம்மன் சந்நிதியின் புற்றுமண் பிணி தீர்க்கும் பிரசாதமாக வழங்கப்படுகிறது. மண்ணை மருந்தாகக் கருதி நெற்றியில் பூசி, வாயிலும் இடும் மக்களுக்கு, மண் நஞ்சாகும் நிலை எத்தகையது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கன உலோகங்கள் எனப்படுபவை பாதரசம், காரீயம், காட்மியம், குரோமியம், செம்பு, துத்தநாகம், நிக்கல் போன்றவை. ஆர்சனிக்கையும் ஆய்வாளர் இவ்வரிசையில் வைத்து எண்ணுவர். இவை அனைத்தும் இயற்கையில் உள்ளவையே. பாறை தேய்ந்து மணலாகும்போது ஆற்றோடு சிறிதளவு வந்து கடலில் சேர்வது யாண்டும் நிகழ்வது. அவற்றுள் சில உயிருக்கு இன்றியமையாதவை. மனிதக் குருதியில் உயிர்வளியைச் சுமப்பது இரும்பு என்றால், நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றின் குருதியில் அப்பணியைச் செய்வது செம்பு. ஆனால், அதே செம்பு அளவு மிஞ்சினால் அவ்வுயிர்களின் குஞ்சுகளைக் கொல்லும். பாதரசத்தினாலோ காரீயத்தினாலோ உடலுக்கு எப்பயனும் இல்லை; சிறிதளவும் தீங்கே. அளவறிந்து ஆளவேண்டும் என்பது இந்நிலத்தார்க்குப் புதிய பாடம் அன்று. செம்பின் பெயரைத் தாங்கிய தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில், பண்டைய மக்கள் வெண்கலமும் இரும்பும் வார்த்துப் பயன்படுத்தினர். பாதரசத்தை முறைப்படி சுத்தி செய்யாமல் கையாளலாகாது என்று சித்த மருத்துவ நூல்கள் வற்புறுத்துகின்றன. உலோகத்தைப் பழித்து ஒதுக்குவதில் பொருள் இல்லை. எந்த உலோகம், எவ்வளவு, எங்கே என்ற மூன்று வினாக்களும் தவறாமல் கேட்கப்பட வேண்டும் என்பதே கருத்து.

பிற கழிவுகளுக்கும் உலோகக் கழிவுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. இலையும் தழையும் மட்கும். எண்ணெய்கூடக் காலப்போக்கில் நுண்ணுயிரால் சிதைக்கப்படும். உலோகம் மட்காது. அது வடிவம் மாறலாம், இடம் மாறலாம், இல்லாமற் போவதில்லை. ஆற்றுநீரில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் துகள்கள் உலோக அணுக்களைத் தம்மேல் பற்றிக்கொள்கின்றன. முகத்துவாரத்தில் உப்புநீரைச் சந்தித்தவுடன் அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. ஆதலின், மேலே ஓடும் நீரைச் சோதித்து அதில் உலோகம் குறைவு எனக் கண்டு அமைதி அடைவது போதாது. நீர் கடந்து போய்விடும். சேறு அங்கேயே தங்கிவிடும்.

அவ்வாறு தங்கிய உலோகம் எப்போதும் உறங்கிக் கிடப்பதும் இல்லை. உயிர்வளி இல்லாத ஆழச் சேற்றில் அது கந்தகத்தோடு கூடிக் கரையாத நிலையில் அடங்கியிருக்கும். துறைமுகத்துக்காகத் தூர்வாரும்போதோ, புயல் அடியை இளக்கும்போதோ அச்சேறு மேலெழுந்து உயிர்வளியோடு கலக்கும். அடங்கியிருந்த உலோகத்தில் ஒருபகுதி மீண்டும் நீரில் கரையும். பாதரசத்தின் நிலை இன்னும் கொடிது. சேற்றில் வாழும் சிலவகை நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அவ்வடிவில் அது உயிரினத்தின் தசையில் எளிதில் புகுந்து நிலைத்துவிடுகிறது. புழுவை உண்ணும் சிறுமீன், சிறுமீனை உண்ணும் பெருமீன் எனப் படி ஏறுந்தோறும் அதன் செறிவு பெருகுகிறது. தாயின் உடலில் சேர்ந்தது நஞ்சுக்கொடியையும் கடந்து கருவிலுள்ள குழந்தையின் மூளையை அடைகிறது.

ஒரு கடற்கரைச் சேறு கெட்டுவிட்டது என்று எதைக்கொண்டு சொல்வது? உலோகம் இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. இயற்கையாக அவ்விடத்தில் இருக்கவேண்டிய அளவைக் காட்டிலும் எவ்வளவு மிகுந்திருக்கிறது என்பதே வினா. 1969-இல் ஜெர்மானிய அறிஞர் முல்லர் வகுத்த அளவுகோல், இயற்கை அளவோடு ஒப்பிட்டு, இயல்பான ஏற்றத்தாழ்வுக்காக ஒன்றரை மடங்கு இடம்கொடுத்து, அதற்குமேல் உள்ளதையே மாசு எனக் கணக்கிடுகிறது. 1980-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஹாகன்சன் இதற்கு அடுத்த படியை எடுத்துவைத்தார். எல்லா உலோகமும் ஒரே அளவு நஞ்சல்ல என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடையை அவர் வகுத்தார். பாதரசத்துக்கு 40, காட்மியத்துக்கு 30, ஆர்சனிக்குக்கு 10, செம்புக்கும் காரீயத்துக்கும் 5, குரோமியத்துக்கு 2, துத்தநாகத்துக்கு 1. இயற்கை அளவைப்போல எத்தனை மடங்கு உள்ளதோ அதனை இவ்வெடையால் பெருக்கினால் அவ்வுலோகத்தால் உயிரினத்துக்கு நேரக்கூடிய இடர் புலப்படும். நாற்பதுக்குக் கீழ் இருப்பின் இடர் குறைவு. துத்தநாகம் பத்து மடங்கு இருந்தாலும் கணக்கு 10 என்றே நிற்கும். காட்மியம் இரண்டே மடங்கு இருந்தால் 60 ஆகும். பாதரசம் இரண்டு மடங்கானால் 80 ஆகிவிடும்.

இக்கணக்கு கவிஞர்களுக்கு எதற்கு எனலாம். கேடு என்ற சொல்லை எடையின்றி வழங்கும் வழக்கம் மேடையிலும் ஏட்டிலும் பெருகிவிட்டது. எல்லாவற்றையும் நஞ்சு என்று சொல்பவனும், எதுவும் நஞ்சில்லை என்று சொல்பவனும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் அளந்து பார்ப்பதில்லை. சொல்லின் எடையை அறிந்து வழங்குவது கவிஞன் தொழில் என்றால், பொருளின் எடையை அறிந்து பேசும் அறிவியலார் அவனுக்கு உறவினரே ஆவர்.

சேறு காலத்தையும் காட்டும். ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் அடுக்குகளைக் குழாய் இறக்கி அப்படியே எடுத்து, ஏட்டைப் புரட்டுவது போல ஆய்வாளர் படிக்கின்றனர். அடுக்கின் வயதைக் கணிக்க, ஏறத்தாழ 22 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் ஒருவகைக் கதிரியக்கக் காரீயம் உதவுகிறது. எந்தத் தலைமுறையில் எந்த உலோகம் ஏறியது, எப்போது இறங்கியது என்பதை அடுக்குகள் மறைக்காமல் சொல்லிவிடும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் காரீயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. உலகில் எஞ்சியிருந்த கடைசி நாட்டிலும் 2021-இல் அது நின்றது. நல்ல முடிவுகளும் இவ்வாறு அடிமண்ணில் தடம் பதிக்கின்றன.

இனித் தூத்துக்குடிக் கடற்கரையைக் காண்போர்க்கு ஒரே நீர்ப்பரப்பில் இருவேறு உலகங்கள் தென்படும். ஒருபுறம் மன்னார் வளைகுடா. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் எண்ணப்பட்ட பகுதி அது. அவற்றுள் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும், மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவும் நிறைந்த அப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் 10,500 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. கொற்கை முத்தின் புகழும், சங்கு குளிப்போரின் தொழிலும் இங்கேதான் வளர்ந்தன. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடைபெற்றது. மறுபுறம், 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு இன்று வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கி நிற்கும் துறைமுகம். 1979-இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம். உரம், வேதிப்பொருள், உப்பு முதலிய தொழில்கள். பெருகிய நகரின் சாக்கடை. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் நிலக்கரியில் இருந்த உலோகங்கள் செறிந்து நிற்கும். கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் பற்றாதிருக்கப் பூசும் வண்ணத்தில் செம்பு உண்டு. மீனவர் வலையில் கோக்கும் ஈயக்குண்டும் ஒரு சிறு பங்கினைச் சேர்க்கவே செய்கிறது.

இக்கடலின் படிவுகளை ஆய்வாளர் பலர் ஆராய்ந்துள்ளனர். துறைமுகத்தையும் கழிவுநீர் வாய்களையும் ஒட்டிய நுண்சேற்றில் உலோகம் மிகுதியாகவும், திறந்த கடலின் பருமணலில் குறைவாகவும் காணப்படுவதே பொதுவான நிலை. கடல் முழுதும் நஞ்சாகிவிட்டது என்று கூறுவது உண்மையாகாது. அவ்வாறு கூறுவது, நாள்தோறும் மீனை ஏலமிட்டு வாழும் குடும்பங்களின் உலையில் நீர் ஊற்றுவதாகவும் முடியும். ஆனால், சேறு சேரும் இடங்களே இறால், நண்டு ஆகியவற்றின் குஞ்சுகள் வளரும் இடங்கள் என்பதையும், பவளத்தின் இளம் உயிர்கள் செம்பு போன்றவற்றுக்கு எளிதில் இரையாகும் என்பதையும் மறக்கலாகாது. கழி சிறிய இடந்தான். அது கடலின் தொட்டில்.

தூத்துக்குடியின் அண்மைக்கால வரலாறு யாவரும் அறிந்தது. 1990-களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கிய ஸ்டெர்லைட் செம்பு உருக்காலை சுற்றுச்சூழலுக்கு விளைத்த கேட்டிற்காக 100 கோடி ரூபாய் செலுத்துமாறு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 மே 22-இல் மக்கள் ஊர்வலத்தின்மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு உயிர்களைப் பலிகொண்டது. அப்போராட்டத்தில் 13 பேர் மாண்டனர். அம்மாதம் 28-ஆம் நாள் ஆலையை நிலையாக மூட அரசு ஆணை பிறப்பித்தது. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணையை உறுதிசெய்தது. 2024 பிப்ரவரி 29-இல் ஆலையின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வேலையை இழந்தோரின் வருத்தமும், உயிரை இழந்தோரின் துயரமும் அந்நகரில் இன்றும் அருகருகே வாழ்கின்றன.

ஒரு கருத்தை மட்டும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு தொழிலகத்தை மூட ஓர் ஆணை போதும். சேற்றில் சேர்ந்ததற்கு எந்த ஆணையும் செல்லாது. எந்த ஊரில், எந்த ஆலை மூடப்பட்டாலும், திறக்கப்பட்டாலும், அதுவரை படிந்தது படிந்ததே. கொடைக்கானலின் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல். ஆலையின் ஆயுள் முடிந்தபின்னும் பாதரசம் பற்றிய வழக்கும் மண்ணைத் தூய்மை செய்யும் பணியும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. போராட்டம் ஓய்ந்து, செய்தியாளர் அகன்று, மேடைகள் கலைந்த பின்னரே சேற்றின் காலம் தொடங்குகிறது. இலக்கியத்தின் தேவையும் அங்கேதான் தொடங்குகிறது.

இதற்குச் சப்பானில் ஒரு முன்மாதிரி உண்டு. மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டுவந்தது. முதலில் பூனைகள் வெறிகொண்டு சுழன்று மாண்டன. 1956 மே மாதத்தில் மனிதரிடம் தோன்றிய நோய் முறைப்படி பதிவாயிற்று. கை நடுங்கியது, கண்பார்வை குறுகியது, சொல் குழறியது. ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஏற்றுக்கொண்டது 1968-இல். இடையில் கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். பின்னர் 1977 முதல் 1990 வரை, பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட சேற்றை வாரியும், அதனை இட்டு விரிகுடாவின் ஒரு பகுதியைத் தூர்த்தும் 58 ஹெக்டேர் நிலம் உண்டாக்கினர். கடலாக இருந்த இடம் நிலமாயிற்று. நெய்தல் ஒன்று அழிந்தது.

அவ்வூரில் வாழ்ந்த மிச்சிகோ இஷிமுரே பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். குடும்பப் பெண், கவிதை எழுதுபவர். நோயாளிகளின் வீடுகளுக்கும் மருத்துவமனைக்கும் சென்றார். சொல் குழறியவர்களின் பேச்சை அவர்களுடைய வட்டார வழக்கிலேயே செவிமடுத்தார். மருத்துவக் குறிப்புகளையும், மீனவர் பேச்சையும், தம் கற்பனையையும் ஒன்றாக நெய்து 1969-இல் அவர் வெளியிட்ட நூல் ‘குகாய் ஜோதோ’. அந்நூலுக்கு அளிக்க முன்வந்த ஓயா பரிசை அவர் ஏற்க மறுத்தார். 1973-இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 2018-இல் அவர் மறைந்தார். அவருடைய ஊரின் பெயரால் அமைந்த பாதரசம் பற்றிய உலக உடன்படிக்கை 2013-இல் கையெழுத்தாகி, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதனை உறுதிசெய்தது. அறிவியலார் பாதரசத்தை அளந்தனர், வழக்கறிஞர் வாதிட்டனர், ஆனால், பிறர் கேட்க மறுத்த குரலை உலகம் கேட்கும்படி செய்ததில் ஓர் எழுத்தாளருக்குப் பெரும்பங்கு உண்டு.

தமிழிலும் கடலோர வாழ்வை உள்ளிருந்து காட்டிய எழுத்துகள் உள்ளன. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குருசின் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ ஆகிய புதினங்கள் அவ்வகையின. எண்ணூர்க் கழியின் சாம்பலையும் சீரழிவையும் பொருளாக்கி, கபேர் வாசுகி இயற்றி டி.எம்.கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாடல் 2017-இல் வெளிவந்தது. வசைச்சொல்லாகத் தேய்ந்துபோன புறம்போக்கு என்ற சொல்லுக்கு, யாவர்க்கும் பொதுவான நிலம் என்ற பழைய பொருளை அப்பாடல் மீட்டுத் தந்தது. ஒரு சொல்லை மீட்பது ஒரு கழியை மீட்பதற்கு முதற்படியாகும். கழி என்ற சொல்லே இன்று பலருக்கும் விளங்காததாகிவிட்டது. கழிவு என்ற சொல் மட்டும் அனைவர்க்கும் விளங்குகிறது. சொல் மறைந்த இடத்தில் பொருளைக் காப்பாற்றுவது கடினம்.

ஆகவே, கவிஞர்கள் முன் நிற்கும் கடமைகள் எளியனவே. முதலாவது, காணுதல். கடற்கரையில் நிலவை நோக்கும் கண்ணை ஒருமுறை முகத்துவாரத்துச் சேற்றின்பாலும் திருப்ப வேண்டும். அங்கே வாழும் உயிர்களின் பெயரை மீனவரிடம் கேட்டறிய வேண்டும். இரண்டாவது, தமிழாக்குதல். கடற்படிவு பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே அடங்கிக் கிடக்கின்றன. எந்தக் கடலைப் பற்றி அவை எழுதப்பட்டனவோ, அந்தக் கடலில் வலைவீசுவோர் அவற்றைப் படிக்க இயலவில்லை. அவற்றின் சாரத்தை எளிய, நேரிய தமிழில் தருவது இலக்கியப் பணியே ஆகும். மூன்றாவது, மிகைபடக் கூறாமை. கூடாத குற்றத்தைச் சுமத்தினாலும், கூடிய குற்றத்தை மறைத்தாலும் அடிமண்ணின் அடுக்கு ஒருநாள் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். நான்காவது, மேட்டு நிலத்தோரை நோக்கிப் பேசுதல். கடலோரத்து மக்கள் தம் குறையைத் தாமே பேசக் கற்றுவிட்டனர். பேசவேண்டியது ஆற்றின் மேற்புறத்தில் வாழ்வோரிடமே. நிட்சேப நதியில் இன்று எறியப்படுவது சிப்பிகுளத்துக் கடலில் நாளை படியும் என்பதைச் சங்கரன்கோவில் கவிஞன் சொல்லாவிடில் வேறு யார் சொல்வார்?

இரங்கல் என்பது புலம்பல் மட்டும் அன்று. மனம் கசிந்து பிறிதோர் உயிரின் நிலையைத் தன் நிலையாகக் கொள்ளுதலும் இரங்கலே. அத்தகைய இரக்கம் ஆவுளியா மேயும் கடற்புல்லுக்கும், அப்புல் வேர்கொண்டிருக்கும் சேற்றுக்கும் உரியதாகட்டும். இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் நெய்தலைப் பாடவரும் இளங்கவிஞர், அதன் அடிமண்ணையும் அறிந்து பாடுவாராக.